நீடூழி வாழச் சொன்ன அடுப்பு

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை. இந்த இரண்டாவது பழக்கம்தான் என்னை ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை, முகமெல்லாம் சாம்பலோடு ஒரு வீட்டு வாசலில் சப்பாத்தைத் தேட வைத்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரான்சுக்கு வந்து நான்கு வருடம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. மாலை வகுப்பில் தந்த வினைச்சொல் அட்டவணைகளைக் கடையின் குளிரறைக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். முருங்கைக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது நிகழ்காலம், வெளியே வரும்போது இறந்தகாலம். இப்படி எண்பதுக்கு மேற்பட்ட வினைச்சொற்களை எல்லாக் காலங்களிலும், ஏவலிலும், வியங்கோளிலும் மனப்பாடம் செய்து முடித்தேன். அட்டவணையில் பெயர்ச்சொற்கள் இல்லை. ஆகவே என்னிடமும் இல்லை. கத்தரிக்காயை வாங்கவும் விற்கவும் கழுவவும் என்னிடம் பிரெஞ்சு இருந்தது. கத்தரிக்காய்க்கு என்ன சொல்வது என்று கேட்டால் விரலால் காட்டுவேன்.

இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் லா ஷப்பலில் ஓரளவு பெயரெடுத்திருந்தேன். சாமான் வாங்க வருகிறவர்கள் அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வந்த கடிதங்களையும் கொண்டுவருவார்கள். வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே வாசித்துச் சொல்வேன். அரசாங்கக் கடிதம் என்பது முழுக்க முழுக்க வினைச்சொல்தான். கொண்டு வா, கையெழுத்து வை, திருப்பி அனுப்பு, காத்திரு. எதைக் கொண்டுவருவது, எங்கே காத்திருப்பது என்பவற்றை அவர்கள் அந்தந்தக் கந்தோரில் போய்க் கேட்டுக்கொண்டார்கள். (யாரும் திரும்பி வந்து முறையிட்டதில்லை. வேறு கடைக்குப் போயிருக்கவும் கூடும்.)

எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பார்மசியில் தர்ஷினி வேலை செய்தாள். இங்கேயே பிறந்தவள். அம்மாவுக்குக் கறிவேப்பிலை வாங்க வருவாள். இரண்டு வருடக் கறிவேப்பிலைக்குப் பிறகு எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா சத்தம் போடவில்லை. சாதி, சாதகம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார் என்று அவள் வந்து சொன்னாள்.

"கடையிலை நிக்கிறது பிரச்சினை இல்லைப் பிள்ளை. நானும் இஞ்சை கோப்பை கழுவினவன்தான். ஆனா நாளைக்கு உங்கடை பிள்ளையள் பிரெஞ்சிலை கதைக்கேக்கை, என்னைமாதிரி அவனும் சும்மா தலையை ஆட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. பெடியனுக்குப் பிரெஞ்சு காணுமோ?"

காணும், அதாவது போதிய அளவு தெரியும், என்று தர்ஷினி சொல்லியிருக்கிறாள். லா ஷப்பல் முழுக்க என்னிடம்தான் கடிதம் வாசிக்கக் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிற பெண் அல்ல. அவளோடு நான் பேசிய பிரெஞ்சில் பெரும்பாலும் 'நேசி' என்ற வினைச்சொல்லே புழங்கியதால் என் குறை அவளுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லு. பாப்பம்" என்று அவர் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை அவளுக்கு நாலு மணி வரை வேலை. நான் தனியாகத்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை கடை வாசலில் நின்று எனக்கு ஒரு புத்திமதி சொன்னாள். "ஏதும் விளங்காட்டி, விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. சே பா க்ராவ்." அதாவது, பரவாயில்லையாம். நான் சிரித்தேன். எனக்கு விளங்காமல் போவதற்கு அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அவர்களுடைய வீடு பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்தது. வாங்கி மூன்று மாதம், ஐயர் வந்து குடிபூரல் நடத்திக் குடியேறி ஆறே நாள். வாசலில் மாவிலை இன்னும் காயவில்லை. (அந்த மாவிலையை நிறுத்துக் கொடுத்தவனே நான்தான். அது என் தகுதிகளில் சேரவில்லை.) கதவைத் திறந்த அவளுடைய அப்பா, அங்கிள், தடித்த கோட் போட்டிருந்தார். வெளியே புறப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். உள்ளே அவளுடைய அம்மா, அன்ரியும் கோட்டோடு நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைக் கழட்டாதையும், தம்பி" என்றார் அங்கிள். "உள்ளுக்கை வெளியையவிடக் குளிர்."

காரணம் விறாந்தையை அடுத்த பெரிய அறையில் இருந்தது. பழைய செமினேயின், அதாவது சுவருக்குள் கட்டிய கணப்படுப்பின், பொந்துக்குள், கண்ணாடிக் கதவு வைத்த கறுத்த இரும்புப் பெட்டி ஒன்றைச் செருகியிருந்தார்கள். விறகுக்குப் பதில், மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்ன உருளைகளை எரிக்கிற பெட்டி. பார்க்கக் கோழித்தீன் மாதிரி இருக்கும். பெல்லே என்பார்கள். மேலே உள்ள தொட்டிக்குள் அதைக் கொட்டி மூடிவிட்டால், மெஷின் தானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கீழேயுள்ள சின்ன இரும்புக் கிண்ணத்தில் போட்டு, தானே பற்றவைத்து, வீடு முழுக்கச் சூடு பரப்பும். வீட்டை விற்ற பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சொன்னாராம். சொன்னதற்கு அங்கிள் தலையை ஆட்டினாராம்.

"குடிபூரல் அண்டைக்கு நிண்டது. அதுக்குப் பிறகு எரியுதில்லை" என்றார் அங்கிள். "காத்து ஊதுற சத்தம் கேக்குது. உள்ளுக்கை ஏதோ சிவக்குது. ஆனா நெருப்பு வருகுதில்லை. திருத்துற ஆளுக்கு ரெலிபோன் அடிச்சனான். அவன் கேக்கிறதுக்கு எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. பிள்ளைக்கு வேலையாலை வந்தால் களைப்பு. நீர் பிரெஞ்சு தெரிஞ்ச ஆள். என்னெண்டு ஒருக்காப் பாருமன்."

அவர் கேட்ட விதத்தில் சாடைமாடை ஒன்றும் இல்லை. ஆனால் இதுதான் சோதனை என்பது எனக்கு விளங்கிவிட்டது. மெஷின் எரிந்தால் தர்ஷினி. எரியாவிட்டால் கறிவேப்பிலை.

நான் கோட்டைக் கழற்றினேன். அது அன்றைய முதல் தவறு.

புத்தகம் ஏதும் இல்லையா என்று கேட்டேன். பழைய வீட்டுக்காரர் அதைத் தொலைத்துவிட்டாராம். பதிலாக, பக்கத்து அலுமாரிக் கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊர்க்காரரைக் கண்டது போல இருந்தது. ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் தொடங்கியது. காலி செய். தேய். துடை. சரி பார். உறிஞ்சு. மூடு. காத்திரு.

"விளங்குதோ?" என்றார் அங்கிள்.

"எல்லாம் விளங்குது, அங்கிள்" என்றேன். வினைச்சொற்களைப் பொறுத்தவரை அது உண்மை.

காலி செய் என்றால் எதை என்ற கேள்வி எழவில்லை. அந்த மெஷினில் இழுக்கக்கூடியதாக ஒரேயொரு சாம்பல் தட்டுத்தான் இருந்தது. இழுத்துக் கொண்டுபோய்க் கொட்டினேன். தேய் என்ற இடத்தில் கிண்ணத்தைத் தேய்த்தேன். அதன் அடியில் இருந்த ஓட்டைகள் அடைபட்டுக் கிடந்தன. அன்ரியிடம் பழைய பல்துலக்கும் பிரஷ் வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தேன். காற்று அதற்குள்ளால்தான் வரவேண்டும் என்று அங்கிளுக்கு விளக்கினேன். அவர் குனிந்து பார்த்து, "ஓமோம்" என்றார். அந்த ஓமில் மருமகனுக்குரிய தொனி ஏறியிருந்ததாக எனக்குப் பட்டது. கரி படிந்த கண்ணாடியை ஈரத் துணியில் சாம்பலைத் தொட்டுத் துடைத்தேன். அது பளிச்சென்று வந்தது. அன்ரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கை வேலை தெரிஞ்ச பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு மாலைவரை என்னைப் பற்றி நல்ல வார்த்தை வரவில்லை.

சரி பார் என்ற வரியில் ஒரு பெயர்ச்சொல் வந்தது. எதைச் சரிபார்ப்பது என்று தெரியவில்லை. ஆகவே மெஷினில் இருந்த எல்லாவற்றையும் ஒரு நிமிடம் கடுமையாகப் பார்த்தேன். அங்கிளும் பார்த்தார். (கதவு விளிம்பில் ஓடும் நார்க் கயிற்றை, காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இது பின்னாளில் தெரிந்தது.)

அடுத்தது உறிஞ்சு. இது சுலபம். அன்ரியின் தூசி உறிஞ்சும் மெஷினைக் கேட்டு வாங்கினேன். குழாயை அடுப்புக்குள் விட்டு ஆளியை அழுத்தினேன். அந்த வரியில் ஏழெட்டுப் பெயர்ச்சொற்கள் இருந்தன என்பதையும், அவற்றின் மொத்தக் கருத்து 'சாம்பலுக்கென்று தனியாக விற்கும் மெஷினால் மட்டும்' என்பதையும் இப்போது அறிவேன். சாதாரண மெஷினுக்குள் இருக்கும் துணிப்பை இவ்வளவு மெல்லிய சாம்பலைப் பிடித்து வைக்காது. முன்பக்கத்தால் உறிஞ்சியதைப் பின்பக்கத்தால் அறை முழுக்கச் சீராக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் வேலை திருப்தியாக நடப்பதாகவே நினைத்தேன். திரும்பியபோது அங்கிள் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறமாக, அசையாமல் இருந்தார். கதிரை, மேசை, மேசைமேல் மூடாமல் வைத்திருந்த கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகப் பூசப்பட்டிருந்தது. சுவரில் பிள்ளையார் படத்துக்கு மட்டும் அது பொருத்தமாக இருந்தது.

"இது வழக்கமோ?" என்று கேட்டார் அங்கிள்.

"முதல்தரம் இப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

மூடு என்ற இடத்தில் மூடினேன். பொத்தானை அழுத்தினேன். காத்திரு என்ற இடத்தில் நானும் அங்கிளும் கதிரைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தோம். காற்று ஊதியது. உள்ளே ஒரு மூலை சிவந்தது. கிண்ணத்தில் ஒரு உருளைகூட விழவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும். மெஷின் மூன்று தரம் கீச்சென்றது. முகப்பில் இருந்த சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின.

VIS SANS FIN

"ஏதோ எழுதுது! எழுதுது!" என்று அங்கிள் எழும்பிவிட்டார். "இதைத்தான் ஒவ்வொரு நாளும் எழுதுது. என்ன தம்பி சொல்லுது?"

நான் அருகே போனேன். என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை அவ்வளவு தெளிவாக நான் வாசித்ததில்லை. முதற்சொல், வாழ் என்ற வினை. குளிரறைக் கதவில் மூன்றாவது தாள், இரண்டாவது நிரல். நான் வாழ்கிறேன் என்பதற்கும், நீ வாழ்கிறாய் என்பதற்கும், ஏவலில் வாழ் என்பதற்கும் இதே மூன்று எழுத்துகள்தான். முன்னால் நான், நீ என்று ஒன்றும் இல்லாததால் இது ஏவல். கடைசி எழுத்தை உச்சரிக்கக்கூடாது. வி. இரண்டாவது சொல், இல்லாமல். மூன்றாவது சொல்லை முடி என்ற வினையிலிருந்து பிடித்துவிட்டேன். முடிவு. வி சான் ஃபான். முடிவில்லாமல் வாழ்.

இரண்டு தரம் சரிபார்த்தேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

"அங்கிள்" என்றேன். "வாழ்த்துச் சொல்லுது."

"ஆர்?"

"மெஷின்தான். நீடூழி வாழ்க எண்டு எழுதியிருக்குது."

அங்கிள் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கோ?"

"புது வீட்டுக்காரருக்கு. இஞ்சத்தை கொம்பனியள் இப்பிடிச் சில மரியாதையளை உள்ளுக்கை போட்டு வைக்கிறவங்கள்." (இதை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

அவர் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். தலையில் இருந்த சாம்பலைத் தட்டினார். பிறகு, இதைக் கேட்கலாமா என்று யோசிக்கிறவர் போல, "நீ எண்டோ சொல்லுது, நீங்கள் எண்டோ?" என்று கேட்டார்.

ஏவலில் அது 'நீ' தான். என்னால் இலக்கணத்தை மறைக்க முடியவில்லை. "நீ எண்டுதான், அங்கிள்."

அவருடைய முகம் வாடியது. தன்னைவிட இளைய மேலாளர்கள்கூட இருபத்தாறு வருடமாக அவரை நீ என்றுதான் கூப்பிட்டார்களாம். நான் உடனே சமாளித்தேன். "மூத்த ஆக்கள் ஆசீர்வதிக்கேக்கை நீ எண்டுதானே சொல்லுறவை? இந்த வீட்டுக்கு உங்களைவிட மெஷின் முதல் வந்தது."

அங்கிள் அதை யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "அது மூத்தது."

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் நிறுத்தியிருக்கலாம். அன்ரி கைதுடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். கண் கலங்கினார். உள்ளே போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து மெஷினுக்கு மூன்று தரம் காட்டினார். கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அங்கிள் திரையைப் படம் எடுத்து, 'எங்கள் புது வீட்டு செமினே எங்களை வாழ்த்துகிறது' என்று எழுதி, கனடா, லண்டன், யாழ்ப்பாணம் உட்பட எழுபது பேர் இருக்கும் குடும்ப வட்ஸப் குழுவில் போட்டார். இதயங்கள் வந்து விழுந்தன. கனடாவில் இருந்த ஒரு சித்தப்பா, தங்கள் வீட்டு ஹீட்டர் பதினேழு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதினார். அது என்ன கொம்பனி என்றும் கேட்டிருந்தார்.

நாங்கள் சாம்பலை வழித்துவிட்டுக் கத்தரிக்காய்க் கறியைச் சாப்பிட்டோம்.

"வாழ்த்துறது சந்தோசம்" என்றார் அன்ரி, சோற்றில் கைவைத்தபடி. சோற்றிலிருந்து மட்டும்தான் அந்த வீட்டில் ஆவி பறந்தது. "ஆனா எரியுதில்லையே, தம்பி?"

வாழ்த்தி முடித்த பிறகு எரியும் என்றேன். சாப்பிட்டதும் மறுபடி பொத்தானை அழுத்தினேன். காற்று ஊதியது, மூலை சிவந்தது, ஒன்றும் விழவில்லை, மூன்று கீச்சு, நீடூழி வாழ்க. மூன்றாம் தரமும் அப்படியே. ஒவ்வொரு தரமும் அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்காம் தரம் அங்கிள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில், 'விளங்கேல்லை, அங்கிள்' என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். என்னிடம் எண்பது வினைச்சொல் இருந்தும் அந்த ஒன்று வாயில் வரவில்லை.

ஐந்து மணி போல தர்ஷினி வந்தாள். அவள் கண்டது இது: சாம்பல் பூசிய பெற்றோர், கோட்டோடு, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. பக்கத்தில் கற்பூரத் தட்டு. ஓரமாக, வெறும் சேர்ட்டோடு நடுங்கிக்கொண்டு நான்.

"கெஸ்கி ஸ பாஸ்?" என்றாள். என்ன நடக்கிறது என்று அர்த்தம்.

"மெஷின் வாழ்த்துது, பிள்ளை" என்றார் அங்கிள். "நீடூழி வாழ்க எண்டு. தம்பிதான் வாசிச்சவர்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

"மே நோன், பாப்பா" என்றாள், இல்லையப்பா என்ற அர்த்தத்தில். "அது வி இல்லை. விஸ். விஸ் சான் ஃபான்."

ஒரேயொரு 'ஸ்'. அந்தக் கடைசி எழுத்தை உச்சரிக்கக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உச்சரித்தால் அது பெயர்ச்சொல்.

"விஸ் எண்டா ஆணி. திருகாணி. துர்னவிஸ்லை வாற விஸ்" என்று அவள் கையைத் திருகிக் காட்டினாள். துர்னவிஸ் என்பது திருகாணி முறுக்கும் கருவி. அதை நான் கடையில் தினமும் பாவித்தேன். பெயர் தெரியாததால் 'அது' என்றே கூப்பிட்டு வந்தேன். "தொட்டிக்குள்ளை இருந்து பெல்லேயைக் கிண்ணத்துக்குக் கொண்டுவாற நீளத் திருகாணி. சுத்திக்கொண்டே இருக்கும். அதுதான் முடிவில்லாத திருகாணி. அது இறுகிப்போச்சு எண்டு சொல்லுது. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே தொட்டியின் மூடியைத் திறந்தாள். நான் அதுவரை திறக்கவில்லை. (திற என்ற வினை அந்தத் தாளில் இல்லை.) உள்ளே உருளைகளே இல்லை. ஊதிப் பெருத்து, பிறகு காய்ந்து இறுகிய ஒரு மஞ்சள் நிறக் கட்டி அடிவரைக்கும் இருந்தது. மஞ்சள் வாசம் வந்தது.

எல்லோரும் அன்ரியைப் பார்த்தார்கள்.

"குடிபூரல் அண்டைக்கு ஐயர் மஞ்சள் தண்ணியை வீடு முழுக்கத் தெளிக்கச் சொன்னவர்" என்றார் அன்ரி. "எல்லா மூலைக்கும் தெளிச்சனான். உதின்ரை மூடி திறந்து கிடந்தது. நெருப்பு இருக்கிற இடமாச்சே எண்டு அதுக்குக் கொஞ்சம் கூடத் தெளிச்சனான்."

"எவ்வளவு, அம்மா?"

"ஒரு செம்பு."

தர்ஷினி சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். பெல்லேக்குத் தண்ணீர் ஆகாது, பட்டால் மாவாகிவிடும் என்று இடையிடையே மூச்சு வாங்கிச் சொன்னாள். அன்ரியும் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. திரையில் இன்னும் அந்த எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைத் தேடினேன். இதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அவமானத்தில் இடது சப்பாத்து எது வலது எது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு வருடம், ஒரு எழுத்து. அழுகை வந்தது, சாம்பல் இருந்ததால் அதைத் துடைக்கவும் முடியவில்லை.

"எங்கை போறீர்?" என்றார் அங்கிள் பின்னாலிருந்து.

நான் கையில் எடுத்த சப்பாத்தோடு திரும்பினேன்.

"இஞ்சை இருபத்தாறு வரியம் இருக்கிறன்" என்றார். என்னிடம் சொல்கிறாரா, மகளிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. "இந்த நாடு எனக்கு எழுதினது எல்லாம் கொண்டுவா, கையெழுத்து வை, போய் நில். ஒருக்கா எண்டாலும் வாழ் எண்டு சொல்லிச்சுது எண்டு நினைச்சன். ரெண்டு மணித்தியாலம் நல்லாத்தான் இருந்தது."

தர்ஷினியின் சிரிப்பு நின்றது.

"உமக்குப் பிரெஞ்சு காணாது" என்றார் என்னிடம்.

"ஓம், அங்கிள்."

"அது உமக்குத் தெரியுமோ?"

"இப்ப தெரியும்."

"எனக்கும் காணாது. ஆனா நான் இவ்வளவு காலமும் விளங்காததை எல்லாம் கெட்டதாத்தான் நினைச்சுப் பயந்துகொண்டிருந்தனான். நீர் விளங்காததை நல்லதா வாசிச்சிருக்கிறீர்." பிறகு, "சப்பாத்தை வைச்சிட்டு வந்து ஒரு அகப்பையைப் பிடியும். உதைக் கிண்ட வேணும்" என்றார்.

சம்மதம் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு நால்வரும் தொட்டியைச் சுற்றி நின்று கிண்டினோம். பிட்டுக் குழலுக்குள் இறுகிய மாவை எடுப்பது எப்படி என்று அன்ரிக்குத் தெரிந்திருந்தது. அகப்பைக் காம்பால் ஓரமாகக் குத்தி, உடைத்து, அள்ளச் சொன்னார். அடியில் அந்தத் திருகாணி தெரிந்தபோது அங்கிள் கைவிளக்கை அடித்து அதை நீண்டநேரம் பார்த்தார். "உவர்தானோ?" என்றார். கராஜில் இருந்த புதுப் பையை உடைத்துக் கொட்டி, மின்சாரத்தைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினோம். முதல் உருளை கிண்ணத்தில் டிக்கென்று விழுந்த சத்தத்துக்கு அன்ரி கைதட்டினார். ஏழு மணிக்கு நாங்கள் கோட்டுகளைக் கழற்றினோம்.

அடுத்த ஆவணியில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. வட்ஸப் குழுவில் திருத்தம் போடப்படவில்லை. கனடாச் சித்தப்பா கலியாணத்துக்கு வந்தபோது, தான் மூன்று கடை ஏறி இறங்கியும் வாழ்த்துகிற மாடல் கிடைக்கவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் தலையை ஆட்டினேன்.

இப்போது எனக்குப் பெயர்ச்சொற்களும் கொஞ்சம் தெரியும். அவற்றைத் தர்ஷினி சொல்லித் தந்தாள், விஸ்ஸில் தொடங்கி. ஆனால் மாமாவின் விஷயம் இன்னும் தீரவில்லை. (கலியாணத்தோடு அங்கிள் மாமாவாகிவிட்டார்.) தபாலில் என்ன வந்தாலும் முதலில் மகளிடம் கொடுத்து, என்ன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்வார். அவள் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அதன் பிறகு அதே கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நான் வரும்வரை காத்திருப்பார்.

"செய்ய வேண்டியதை அவள் சொல்லீட்டாள்" என்பார். "வேறை ஏதும் நல்லதா எழுதியிருக்கோ எண்டு நீர் ஒருக்காப் பாரும்."

முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. குப்பை வண்டி வியாழக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை வரும் என்ற கடிதத்தில் நல்லது என்ன இருக்கும்? இனிமேல் இல்லாததைச் சொல்வதில்லை என்றும் எனக்குள் முடிவு செய்திருந்தேன். தாளை மேலிருந்து கீழே வாசித்தேன். கீழே, கையெழுத்துக்குச் சற்று மேலே அது இருந்தது. எல்லாப் பிரெஞ்சுக் கடிதத்திலும் இருப்பது. அது வெறும் வழக்கம், அதற்கு அர்த்தமே இல்லை என்று தர்ஷினி ஒருபோதும் வாசிக்காமல் விடுவது. நான் ஒவ்வொரு சொல்லாக, ஸ் எல்லாம் பார்த்து, மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

"ஐயா, எங்களுடைய மேன்மையான வணக்கங்களின் வெளிப்பாட்டைத் தயவுகூர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பிடியோ எழுதியிருக்கு?"

"சொல்லுக்குச் சொல் அப்பிடித்தான், மாமா."

"குப்பைக்காரரோ?"

"ஓம்."

இன்று அது எங்கள் வீட்டுப் பகிடி. தர்ஷினி தேநீர்க் கோப்பையை நீட்டும்போது அப்படிச் சொல்லித்தான் நீட்டுவாள். ஐந்து வயது மகள் சாப்பிட்ட தட்டைத் திருப்பித் தரும்போது முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதத்தை என்னிடம் தந்து, நான் அந்தக் கடைசி வரிக்கு வந்ததும், தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வார். கேட்டு முடித்து, கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமும் அதே மறுமொழியைச் சொல்வார்.

"ஓம், ஏத்துக்கொண்டன்."